வசம்பை ஆய்வுக்கு எடுப்பது எப்படி: நாட்டு மருந்துக்கடையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக்கடையில் வசம்பு சுலபமாகக் கிடைக்கும். முதுநிலை புராஜெக்டுக்கு மாணவர்கள் அதைத் தேடிப் போவதற்கும் அதுதான் காரணம். ஆனால் காய்ந்த துண்டில் இலையும் இல்லை, பூவும் இல்லை. வெறுமனே பார்த்து அது இன்ன செடி என்று யாரும் உறுதிச்சான்று எழுதித்தர முடியாது. அடையாளம் ஆடிப்போனால் அதன்மேல் செய்த அத்தனை சோதனையும் ஆடிப்போகும்.

எனவே செடியை வளர்த்துவிடுங்கள். காய்ந்த சரக்கு முளைக்காது. நாற்றுப்பண்ணையில் பச்சைக் கிழங்கு வாங்க வேண்டும். அகலமான தொட்டியில் களிமண்ணும் வண்டலும் கலந்து நட்டு, மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும்படி பாருங்கள். சதுப்பு நிலத்துச் செடி இது. மதுரைச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் இலை நுனி கருகும். கிழங்கு எடுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையென்றால், வளர்ப்பவரிடம் வேரோடு ஒரு செடி கேட்டு வாங்குங்கள். அழகர்மலை, சிறுமலைக் காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடுங்கக்கூடாது.

அகோரஸ் கலாமஸ் என்பது வசம்பின் தாவரவியல் பெயர். ஐரிஸ் சூடாகோரஸ் என்ற மஞ்சள் ஐரிஸின் பெயரிலேயே ‘பொய் வசம்பு’ என்ற பொருள் இருக்கிறது; வாள்போன்ற இலை அப்படி ஏமாற்றும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃபிளாக்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால், இணையத்தில் தேடும்போது ஐரிஸ் கட்டுரைகளும் வந்து விழும். அவற்றை மேற்கோள் காட்டிவிடாதீர்கள். ஐரிஸ் கிழங்கில் பேசப்படுவது டெக்டோரிஜெனின், இரிஜெனின் போன்ற ஐசோஃபிளேவோன் வகை வேதிப்பொருள்கள். வசம்பில் முக்கியம் அதன் எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன். இரண்டும் வேறு வேதியியல். இலையைக் கசக்கிப் பாருங்கள்: வசம்பு மணக்கும், ஐரிஸ் மணக்காது. பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. வசம்பில் விரல் போன்ற கதிர்தான் வரும், இதழ் விரிந்த பூ வராது.

கிழங்கை நீளவாக்கில் பிளந்து, இலையும் கதிருமாகச் செய்தித்தாளில் வைத்து அழுத்துங்கள். முதல் வாரம் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிய தாளில் இடம், தேதி, சேகரித்தவர் விவரம் எழுதி, திருச்சியில் உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ராபினட் உலர்தாவரகத்துக்கோ கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ கொண்டுபோய் அடையாளம் காணச் செய்யுங்கள்.

கிழங்கை நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்துவிடும். பொடியை முன்கூட்டியே அரைத்து வைக்காதீர்கள்; மிக்ஸியும் சூடேறாமல் விட்டு விட்டு ஓடட்டும்.

எண்ணெய் எடுக்க: 50 கிராம் கரகரப்பான பொடி, 500 மி.லி. தண்ணீர், 1 லிட்டர் குடுவை, கிளெவெஞ்சர் கருவி (கொதிநீராவியில் வரும் எண்ணெயைக் குளிரவைத்து, அளவுக்குழாயில் பிரித்துக் காட்டுவது), 4 மணி நேரம். மாவுச்சத்து நிறைய இருப்பதால் பொங்கும். குடுவையில் ஏறக்குறையப் பாதி காலியாக இருக்கட்டும். பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அசரோன் மிகுந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். மிதக்கும் எண்ணெய்க்கான குழாயில் அது அடியில் இறங்கி, தண்ணீரோடு குடுவைக்கே திரும்பிவிடும். “எண்ணெயே வரவில்லை” என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால்தான். அளவு மட்டும் தெரிய வேண்டுமானால் குழாயில் எண்ணெயைக் கரைத்து மிதக்கவைக்கும் சைலீன் என்ற கரைப்பானை 0.5 மி.லி. விட்டு, முடிவில் அதைக் கழியுங்கள். நல்ல சரக்கில் 100 கிராமுக்கு 2 மி.லி. எதிர்பார்க்கலாம். சைலீன் கலந்த எண்ணெயைப் பாக்டீரியாவின்மேல் சோதித்தால் சைலீனையும் சேர்த்துத்தான் சோதிக்கிறீர்கள். சோதனைக்கான எண்ணெய்க்கு, பொடியைக் கொதிக்கவைக்கும்போது எண்ணெயோடு வடிந்துவரும் நீரைத் தனியே பிடித்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயை மூன்று முறை பிரித்தெடுத்து, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, குறைந்த சூட்டில் ஹெக்சேனை நீக்குங்கள். பக்கத்தில் தீ கூடாது.

எண்ணெயில் உள்ள பொருள்களைத் தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லடுக்கு வண்ணப்படிவுக்கு (டிஎல்சி) டொலுவீன் 93, எத்தில் அசிடேட் 7 என்ற கரைப்பான் விகிதம் போதும். 254 நானோமீட்டர் புறஊதா ஒளியில் அசரோன் கரும்புள்ளியாகத் தெரியும். பக்கத்திலேயே அசரோன் நியமத்தையும் (ஒப்பிடுவதற்கான தூய அசரோன்) ஓட்டுங்கள்; நியமம் இல்லாத புள்ளிக்குப் பெயர் வைக்காதீர்கள்.

பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்க்க, எண்ணெய் நனைத்த வட்டத்தாளைப் பாக்டீரியா வளரும் அகார் கூழ்மேல் வைத்து, சுற்றிலும் வளர்ச்சியற்ற வளையத்தை அளப்பார்கள்; இந்த வட்டத்தாள் முறையில் எண்ணெய் அகாரில் சரியாகப் பரவாது. வளையம் சிறிதாக வந்தால் எண்ணெய் பலவீனம் என்று முடிவு கட்டாமல், எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் ட்வீன் 80 சேர்த்துத் திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவை) பாருங்கள். ட்வீன் மட்டும் சேர்த்த குழாயும் உடன் இருக்கட்டும். ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கும் டிபிபிஹெச் சோதனையில் எண்ணெய் பின்தங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்: அந்தச் சோதனையில் நன்றாக வேலை செய்யும் ஃபீனால் ஹைட்ராக்சில் தொகுதியே அசரோனில் கிடையாது.

ஒன்று கட்டாயம் எழுதுங்கள்: சேகரித்த செடியின் குரோமோசோம் எண்ணிக்கை. 24 உள்ள வகையில் பீட்டா அசரோன் காணப்படுவதில்லை. 36-இல் மிதமாக இருக்கும், 48-இல் மிக அதிகம். பீட்டா அசரோன் மிகுந்த வசம்பெண்ணெய் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் தடைசெய்தது. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று ஊரில் பெயர் இருக்கிறதே என்று, பெட்ரித்தட்டில் வந்த வளையத்தை வைத்துக் குழந்தைக்கு உரசிக் கொடுக்கலாம் என்று முடிவுரையில் எழுதிவிடாதீர்கள்.

மிச்ச எண்ணெயைப் பழுப்புநிறக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, 4 டிகிரியில் வையுங்கள். செடி வந்த இடமும் வடித்த தேதியும் குப்பியின்மேல் இருக்கட்டும்.