ஓப்பன்எம்ஆர்எஸ்ஸில் புது கான்செப்ட் போடுவதற்கு முன்

ஓப்பன்எம்ஆர்எஸ் என்பது நோயாளிகளின் பதிவுகளை வைக்கும் மருத்துவ மென்பொருள். அதில் பதியும் ஒவ்வொரு கேள்விக்கும், அளவீட்டுக்கும், நோய்க்கும் அகராதியில் இருக்கும் வரையறைதான் கான்செப்ட். டாக்டர் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டார் என்பதற்காக உடனே புது கான்செப்ட் போட்டுவிடாதீர்கள். முதலில் தேடுங்கள். சுகர், குளுக்கோஸ், எஃப்பிஎஸ் (வெறும் வயிற்றுச் சர்க்கரை) என்று ஆளாளுக்குச் சொல்லும் எல்லாப் பெயரிலும் தேடுங்கள். சியெல் என்ற ஆயத்த கான்செப்ட் அகராதியை ஏற்றியிருந்தால் பெரும்பாலும் அது அங்கே இருக்கும். இருந்தால், உங்கள் ஊர் வழக்குப் பெயரை அதே கான்செப்ட்டில் இணைப்பெயராகச் சேர்த்தால் போதும்.

நிஜமாகவே இல்லை என்றால் சரி, போடலாம். ஆனால் அளவீடு என்றால் அலகில் கவனம் வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஓப்பன்எம்ஆர்எஸ் நோயாளியின் பதிவில் வெறும் எண்ணைத்தான் வைக்கிறது, அலகு கான்செப்ட்டோடு இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மி.கி./டெ.லி. என்பதும் 7.0 மில்லிமோல்/லிட்டர் என்பதும் ஒன்றுதான், நீரிழிவு என்று சொல்லும் எல்லையே அதுதான். பின்னாளில் யாரோ கான்செப்ட்டின் அலகை மட்டும் மாற்றினால், பழைய 126 எல்லாம் ஒரே நொடியில் 126 மில்லிமோலாகத் தெரியும்! பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பான லோயின்க் இதற்காகத்தான் இரண்டு குறியீடு வைத்திருக்கிறது: மி.கி. கணக்குக்கு 1558-6, மோல் கணக்குக்கு 14771-0. நீங்களும் இரண்டு கான்செப்ட்டாகவே வையுங்கள். கூடவே, இதற்கு மேல் இதற்குக் கீழ் ஏற்காதே என்று எல்லையும் கொடுத்துவிடுங்கள், தட்டச்சுப் பிழை பாதி அங்கேயே நின்றுவிடும்.

நோய்களுக்கு வேறு வழி. "நீரிழிவு உண்டா", "காசநோய் உண்டா" என்று நோய்க்கொரு ஆம்-இல்லை கேள்வி போட்டால் பட்டியல் முடிவே இல்லாமல் நீளும். "நோயறிதல்" என்று ஒரு கேள்வி, அதற்குப் பதிலாக வரும் நோய்கள் தனித்தனி கான்செப்ட்டுகள், அவ்வளவுதான். குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு இருந்ததா என்பது வேறு கேள்வி, அதில் "தெரியாது" என்ற பதிலும் கட்டாயம் இருக்கட்டும். கேட்காமல் விட்டதும் "இல்லை" என்று சொன்னதும் ஒன்றல்ல.

அப்புறம் குறியீட்டு இணைப்பு, அதாவது உங்கள் கான்செப்ட்டை வெளியே உள்ள பொதுக் குறியீட்டோடு கோப்பது. டைப் 2 நீரிழிவுக்கு ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொற்களின் குறியீட்டுத் தொகுப்பில் 44054006, இதை "அதேதான்" என்று இணைக்கலாம். பொதுவான நீரிழிவான 73211009-உடன் இணைத்தால் "அதைவிடக் குறுகியது" என்று போட வேண்டும். இந்தியா ஸ்னோமெட்டின் உறுப்பு நாடு, இங்கே பயன்படுத்தக் கட்டணமில்லை, பதிவு செய்தால் போதும்.

தவறான கான்செப்ட்டில் ஏற்கெனவே பதிவுகள் சேர்ந்துவிட்டதா? அழிக்காதீர்கள். ஓய்வு கொடுத்து (ரிட்டயர் செய்து), காரணத்தை எழுதி, படிவத்தில் புதியதை மாட்டுங்கள்.