டிராக் டே போகும் தம்பிகளுக்கு: காற்றிலும் வீலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியிலிருந்து கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குச் சொந்தக் காரிலேயே போய், நாள் முழுக்க விரட்டிவிட்டு அதே டயரில் ஊர் திரும்புகிற பையன்கள் இப்போது கூடிவிட்டார்கள். எங்கள் கூட்டம் அந்தக் காலத்தில் அடித்த கூத்தைத்தான் இவர்களும் அடிக்கிறார்கள். தேய்ந்த டயரோடு போகாதே, நட்டை முறுக்கிப் பார் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் டிராக் பக்கமே போக வேண்டாம்.

இறக்கிய காற்றை ஏற்றாமல் கிளம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

டிராக்கில் காற்றை இறக்குவது தப்பில்லை. காலையில் 30 டிகிரியில் 33 பவுண்டு (psi) காற்று வைத்த டயர், சில சுற்று விரட்டி உள்காற்று 70 டிகிரிக்குப் போனதும் 39 காட்டும். நடுப்பகுதி உப்பிப் பிடிப்பு குறையும். அதனால் சூட்டிலேயே 33-க்கு இறக்குகிறோம். சரி. ஆனால் அது ஆறினால் 27 பவுண்டுதான்.

அந்த 27-ல் நாலு பேர், பெட்டி, டூல் எல்லாம் ஏற்றிக்கொண்டு தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். "ஓட ஓடக் காத்து தானா ஏறிடும்லா அண்ணே" என்று பாளையங்கோட்டைத் தம்பி ஒருவன் என்னிடமே வாதாடினான். ஏறும்தான். சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், மடங்கி மடங்கி நிமிர்வதில் பிறக்கிற சூடுதான் அதை ஏற்றுகிறது. பங்க்கில் வரிசை நிற்கிறது என்று அவன் காற்றடிக்காமலே கிளம்பினான். கயத்தாறு பக்கம் பின் டயர் ஒன்று கிழிந்தது. மறுநாள் கடையில் மற்ற மூன்றையும் கழற்றினால், இரண்டுக்குள் மாவு மில் தரைபோலக் கறுப்புத் தூள். சைடுவாலின் உள்பக்கம் அரைபட்டிருக்கிறது. வெளியே பார்த்தால் புது டயர் மாதிரி! மூன்று டயர் போச்சு.

டிக்கியில் ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் போட்டுவையுங்கள். டயர் கை சுடாத அளவுக்கு ஆறட்டும். அப்புறம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற கணக்குக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஆள் நிறைய ஏறினால் முழு லோடுக்கான கணக்கு.

வெயிலில் அளப்பது

வெயில் பட்ட பக்கத்து டயர் ஓரிரு பவுண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்து நாலையும் சமமாக்கினால், எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கம் குறைந்து நிற்கும். நிழலில் அளங்கள்.

பங்க் கேஜ்

பங்க்கில் காற்றை அளக்கிற கேஜை நம்பாதீர்கள். சொந்தமாக ஒன்று வாங்குங்கள்.

நைட்ரஜன்

காசு கொடுத்து அடிக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

17 இஞ்ச் ஆசை

15 இஞ்ச் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு மலிவான 17 இஞ்ச் மாட்டினால் பெரும்பாலும் எடைதான் கூடும். கார் கிளம்பவும் நிற்கவும் சோம்பும். சைடுவால் ஒல்லியானதால் ஒரு பள்ளத்திலேயே ரிம் கோணும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் வீலின் முதுகில் பொறித்திருக்கிற லோடு அளவைப் பாருங்கள். நடு ஓட்டை, வீல் உட்காருகிற ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ரிங் போடுங்கள். நட்டையும் பாருங்கள்: ஹோண்டா கம்பெனி நட்டுக்கு உருண்டை முகம், கடையில் விற்கிற வீல்களில் பெரும்பாலும் கூம்பு முகம். "பழைய நட்டே நல்லா ஏறுதே" என்பார்கள். ஏறும், ஆனால் விளிம்பில் மட்டும் உட்காரும், டிராக்கில் தளரும்.