கொடிக் குச்சி தளிர்த்த பிறகும் காய்ந்துபோவது ஏன்?

காகிதப்பூ, ரங்கூன் மல்லி, பேஷன் ஃப்ரூட் போல வேகமாகப் படரும் கொடிகளைக் குச்சி நட்டு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் புகார் இதுதான்: பத்து நாளில் தளிர் வந்தது, மூன்றாவது வாரம் கருகிவிட்டது. அந்தத் தளிரை நம்பியதில்தான் கோளாறு. தண்டில் இருக்கும் மாவுச்சத்தை வைத்தே மொட்டு விரிந்துவிடும். அதற்கு வேர் வேண்டியதில்லை. விரிந்த இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்க, ஈடுகட்ட வேர் இல்லாததால் குச்சி வற்றிப்போகிறது. தளிரைப் பார்த்ததும் வெயிலுக்கு மாற்றுவதும் உரம் போடுவதும் தொட்டி மாற்றுவதும் அதை இன்னும் சீக்கிரம் கொல்லும்.

குச்சி எடுக்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. நீண்டு வளர்ந்த இளநுனிதான் கண்ணுக்குச் செழிப்பாகத் தெரியும். ஆனால் வெட்டிய சில மணி நேரத்தில் துவண்டுவிடும். அதற்குக் கீழே, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய பகுதிதான் ஏற்றது. காகிதப்பூவில் பென்சில் பருமன், பேஷன் ஃப்ரூட்டில் அதைவிட மெல்லியது. பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

நீளத்தைவிடக் கணுக்கணக்கு முக்கியம். வேகமாக வளர்ந்த கொடியில் கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், 15 செ.மீ. துண்டில் ஒரே ஒரு கணுகூட இருக்கலாம். மூன்று நான்கு கணு வருமாறு எடுத்து, இரண்டை மண்ணுக்குள் வையுங்கள். அடிப்பக்கம் கணுவுக்கு அரை செ.மீ. கீழே நேராகவும், மேல்பக்கம் கணுவுக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. இலையில்லாத காகிதப்பூக் குச்சியில் இது அடிக்கடி நடக்கிறது. மேலே இரண்டு இலை போதும். பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டுங்கள்.

எந்தக் கிளை என்பதும் கவனிக்க வேண்டியது. மிளகில் காய்க்கும் பக்கக் கிளையை நட்டால் அது ஏறாது, புதராகவே நிற்கும்; படர வேண்டுமென்றால் அடியிலிருந்து ஓடும் கொடியை எடுக்க வேண்டும். ஒட்டுக்கட்டிய பேஷன் ஃப்ரூட்டில் ஒட்டுக்குக் கீழே முளைத்ததை எடுத்தால் வேர்ச்செடியின் ரகம்தான் கிடைக்கும். இலை சுருங்கி, மஞ்சள் திட்டு விழுந்த தாய்க்கொடியைத் தொடவே வேண்டாம்; வைரஸ் இருந்தால் குச்சியோடு அதுவும் வரும்.

மண்கலவையில் தொழு உரமும் மண்புழு உரமும் சேர்ப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. வேர் வராத குச்சிக்குச் சத்து பயன்படாது, வெட்டுவாய் அழுகுவதற்குத்தான் வழி செய்யும். கோகோபீட்டும் (தென்னை நார்க்கழிவுத் தூள்) ஆற்று மணலும் சம பங்கு போதும். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) என்ற வேர் ஊக்கிப் பொடியில் அடிக்கணுவைத் தோய்த்துத் தட்டிவிடுங்கள். அப்பிக்கொண்டால் அடி கருகும். குச்சியை அப்படியே கலவையில் குத்தினால் பொடி வழியிலேயே உரசிப் போய்விடும். முதலில் துளை போட்டு அதில் இறக்கி, சுற்றிலும் அழுத்துங்கள். பொடி டப்பாவுக்குள் நேரடியாகக் குச்சியை விடாமல் கொஞ்சம் தனியே எடுத்துக்கொள்வது நல்லது. தேன் வேர் ஊக்கியாகாது.

ஈரம் போகாமல் இருக்க நட்ட குச்சியைப் பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கலாம். ஆனால் மூடியதை நேர்வெயிலில் வைத்தால் குச்சி உள்ளே வெந்துவிடும். வெளிச்சமான நிழல்தான் இடம்.

தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரே மருந்து, ஒளி ஊடுருவும் கப்பில் துளையிட்டு நட்டு, வெளியே காகிதம் சுற்றி வைப்பது. காகிதத்தை விலக்கினாலே வேர் தெரியும். மூன்று நான்கு செ.மீ. வேர்கள் சில ஓடிய பின் ஒரு வாரம் பத்து நாளில் மூடிய பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். காகிதப்பூவின் இளவேர் தொட்டாலே ஒடியும். கப்பிலிருந்து உருவாமல், கப்பைக் கிழித்து, கலவையோடு சேர்த்துத் தொட்டியில் இறக்குங்கள். அங்கே புதுத்தளிர் விடத் தொடங்கிய பிறகு பாதி அளவு உரம் கொடுக்கலாம்.