அமெரிக்கக் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் சோஷியல் செக்யூரிட்டி உண்டா? அறிந்துகொள்ளும் முறை

அமெரிக்காவில் நகராட்சிக் காவல்துறையிலோ தீயணைப்புத் துறையிலோ பணிபுரிபவர் முதலில் பார்க்க வேண்டியது, ஊதியத்தையும் பிடிக்கப்பட்ட வரிகளையும் காட்டி ஆண்டுதோறும் துறை தரும் டபிள்யூ-2 படிவத்தின் 4ஆம் கட்டத்தை. அதில் தொகை இருந்தால், முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் மத்திய அரசு மாதத்தொகை தரும் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு ஊதியத்தில் 6.2 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது, துறையும் அதே அளவு செலுத்துகிறது என்று பொருள். அது வெறுமையாக இருந்து 6ஆம் கட்டத்தில் மட்டும் தொகை இருந்தால், முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குரிய 1.45 சதவீதம் மட்டுமே போகிறது. முதுமைக்கு அந்தப் பணியிலிருந்து கிடைப்பது துறையின் ஓய்வூதியம் ஒன்றே.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஊர்க்காரர்களுக்கு இரண்டு விதமாக இருப்பது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். 1935ஆம் ஆண்டு சோஷியல் செக்யூரிட்டிச் சட்டம் மாநில, உள்ளாட்சி ஊழியர்களைச் சேர்க்கவில்லை. 1950இல் அச்சட்டத்தில் வந்த 218ஆம் பிரிவு, மாநிலங்கள் விரும்பினால் மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்து அவர்களைச் சேர்க்க வழிவிட்டது. ஆயினும் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள காவலர்களையும் தீயணைப்பு வீரர்களையும் சேர்க்கும் உரிமை நெடுங்காலம் குறிப்பிட்ட சில மாநிலங்களுக்கே இருந்து, 1994இல்தான் எல்லா மாநிலங்களுக்கும் கிடைத்தது. அப்படிச் சேர்க்க ஊழியர்களிடையே வாக்கெடுப்பு நடக்க வேண்டும். பெரும்பான்மை முறையில், வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் என்பது போதாது. தகுதியுள்ள அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும் என்பதால், வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்ப்பாகவே முடியும். ஒருமுறை சேர்ந்தபின் விலக முடியாது. 1983இல் அந்த வழி அடைக்கப்பட்டது. ஆகவே தீர ஆலோசித்து வாக்களிப்பது நல்லது.

ஒப்பந்தமும் இல்லை, தகுதியான ஓய்வூதியத் திட்டத்திலும் இடமில்லை என்றால், 1991 ஜூலை 2 முதல் சோஷியல் செக்யூரிட்டி பொதுவாகக் கட்டாயம். மெடிகேர் வரியோ 1986 மார்ச் 31க்குப் பின் பணியில் சேர்ந்த ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு.

ஐயம் இருந்தால் உடன் பணிபுரிபவரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் இந்த ஒப்பந்தங்களைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகி இருக்கிறார்; தமது பதவி எந்த ஒப்பந்தத்தில் வருகிறது என்று அவரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். சேர்க்கை ஆளுக்கு அன்று, பதவிக்கு என்பதால், வேறு பதவிக்கு மாறும்போது இதை மீண்டும் கேட்பது அவசியம்.

சேராத பதவியில் இருப்பவர், உடல் ஊனமுற்றாலோ இறந்தாலோ குடும்பத்துக்குத் துறையின் திட்டம் என்ன தருகிறது என்பதை வேலையில் இருக்கும்போதே படித்துவிட வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி வரி செலுத்திய வேறு வேலைகளில் 40 கிரெடிட் (வேலைக்கால அலகு) சேர்த்திருந்தால் அவருக்குச் சொந்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும் உண்டு. முன்பு அத்தொகையையும் ஒரு விதி குறைத்தது. துணைவர் வழி வரும் தொகையிலிருந்தோ, துறை ஓய்வூதியத்தின் மூன்றில் இரண்டு பங்கு கழிக்கப்பட்டது: மாதம் 3,000 டாலர் ஓய்வூதியம் பெற்ற தீயணைப்பு வீரருக்கு, மனைவி இறந்தபின் வரவேண்டிய தொகையில் 2,000 டாலர் போய்விடும். 2025 ஜனவரி 5இல் கையெழுத்தான சட்டம் இவ்விரு குறைப்புகளையும் நீக்கியது. 2024 ஜனவரி மாதத் தொகையிலிருந்தே அது பொருந்துகிறது. எப்படியும் ஒன்றும் கிடைக்காது என்று அன்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்கு இத்தொகை தானாக வந்து சேராது. பின்தேதியிட்டுப் பெறும் காலம் பொதுவாகக் குறுகியது என்பதால், அவர்கள் தாமதமின்றிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.