இங்கிலாந்தில் டி அண்ட் டி ஆசிரியர் ஆவது எப்படி? ஆரம்பத்திலிருந்து ஒரு வழிகாட்டி

இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், ஃபேஷன் டிசைன், உணவு அறிவியல் என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்கள், ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது நேராகக் கணக்கு, இயற்பியல் பக்கம்தான் போகிறார்கள். டிசைன் அண்ட் டெக்னாலஜி, சுருக்கமாக டி அண்ட் டி, என்று ஒரு பாடம் இருப்பதே, பிள்ளை இயர் 7-இல் ஒரு மரப் பெட்டியையோ தானே தைத்த தலையணை உறையையோ வீட்டுக்குத் தூக்கி வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. ஆனால் ஆள் கிடைக்காமல் பள்ளிகள் தவிக்கிற பாடங்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. 2023-24-இல் இந்தப் பாடத்துக்கு அரசு வைத்த பயிற்சி ஆசிரியர் இலக்கில் சுமார் 27 சதவீதம்தான் நிரம்பியது.

"எனக்குத் தச்சு வேலை தெரியாதே" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அது இருப்பதிலேயே சின்னப் பிரச்சினை. ரம்பம் பிடிக்க ஒரு கோடையில் பழகிவிடலாம். கையில் ரம்பத்தோடு இருக்கும் இருபது பேரை ஒரே நேரத்தில் கவனிக்கப் பழகத்தான் ஒரு வருடம் ஆகும். கீழே சொல்வதையெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில் படியுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பாடமும் தகுதி முறையும் வேறு மாதிரி.

படி 1: பாடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டி அண்ட் டி 1990-இல் தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. மரம், உலோகம், பிளாஸ்டிக், துணி, மின்னணு, கணினியில் வரையும் கேட் வரைபடம், உணவு எல்லாம் இதே துறையின் கூரைக்குக் கீழ்தான். தேசியப் பாடத்திட்டப்படி 11 முதல் 14 வயது வரை இது கட்டாயம். அதற்கு மேல், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக்கு 2004 வரை கட்டாயமாக இருந்தது, இப்போது விருப்பப் பாடம். அதாவது இயர் 9-இல் மாணவர்கள் உங்கள் பாடத்தை எடுத்தால்தான் உங்களுக்கு ஜிசிஎஸ்இ வகுப்பு, எடுக்காவிட்டால் இல்லை. இந்த அழுத்தம் கணக்கு ஆசிரியருக்குக் கிடையாது, நமக்கு உண்டு.

கீழ் வகுப்புகளில் பல பள்ளிகள் மாணவர்களைச் சுற்று முறையில் அனுப்புகின்றன. சில வாரம் மரவேலை, அப்புறம் துணி, அப்புறம் உணவு. அதனால் "நான் எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான் எடுப்பேன்" என்று இருந்தால் வேலை கிடைப்பது கஷ்டம்.

ஜிசிஎஸ்இ 2017-இல் மாறியது. முன்பு ரெசிஸ்டண்ட் மெட்டீரியல்ஸ் (மரம், உலோகம், பிளாஸ்டிக்), கிராஃபிக்ஸ் என்று தனித்தனியாக இருந்தவை ஒரே பாடமாகின. பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, பாதி மாணவர் தானே வடிவமைத்துச் செய்யும் திட்ட வேலைக்கு. அதை என்இஏ என்பார்கள். எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீதம் கணக்கு வரும், இதில் நம்மவர்களுக்கு பயம் இருக்காது. உணவுக்குத் தனி ஜிசிஎஸ்இ உண்டு.

தேர்வு வாரியங்களின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்து முழுதாக எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறது என்று குறித்து வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 2: தகுதியும் காகிதங்களும்

ஒரு பட்டம் வேண்டும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜிசிஎஸ்இ கிரேடு 4, அல்லது அதற்கு இணையானது வேண்டும். செகண்டரிக்கு அறிவியல் ஜிசிஎஸ்இ தேவையில்லை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவர்கள் யூகே எனிக் அமைப்பிடம் தங்கள் பட்டத்துக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் ஒப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டியிருக்கும். பள்ளிச் சான்றிதழை இணையாக ஏற்க மறுத்தால் பதறாதீர்கள், அதற்கென்றே இணைத்தகுதித் தேர்வுகள் நடக்கின்றன. எதை ஏற்பது என்று முடிவு செய்வது பயிற்சி நிறுவனம்தான், அதனால் விண்ணப்பிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேரும் முன் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனையும் நடக்கும். வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அங்கத்துக் காவல்துறைச் சான்றும் கேட்கலாம், அது வந்து சேர நாளாகும் என்பதால் முன்கூட்டியே ஆரம்பியுங்கள்.

படி 3: விண்ணப்பத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நில்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அரசின் கெட் இன்டு டீச்சிங் சேவையில் பள்ளி அனுபவத்துக்குப் பதிவு செய்யலாம். பக்கத்துப் பள்ளிக்கு நேரடியாக எழுதியும் கேட்கலாம். ஆலோசகர் ஒருவரையும் இலவசமாகத் தருவார்கள்.

போனால் என்ன பார்ப்பது? ஆசிரியர் சொல்லிக் கொடுப்பதைவிட வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். சுவரில் ஒவ்வொரு கருவியின் நிழல் உருவமும் வரைந்த பலகை இருக்கும். எல்லா டெனான் ரம்பமும், எல்லா உளியும், எல்லா ஸ்டீல் ரூலும் அதனதன் உருவத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் வகுப்பு கலையும். ஒரு கிராஃப்ட் கத்தி குறைந்தால் மணி அடித்தாலும் யாரும் நகர முடியாது. அந்த எண்ணிக்கையைச் சத்தம் போடாமல் ஒரு ஆசிரியர் எப்படி முடிக்கிறார் என்று கவனித்தீர்கள் என்றால் நேர்முகத்தில் பேசுவதற்கு உங்களிடம் உண்மையான விஷயம் இருக்கும். கருவிகளையும் பொருட்களையும் தயார் செய்து தரும் டெக்னீஷியனோடும் கொஞ்சம் பேசுங்கள், பல துறைகள் ஓடுவதே அவரால்தான்.

படி 4: ஓட்டையை அடைப்பது

மெக்கானிக்கல் படித்தவருக்குத் துணியின் நெசவு வகைகள் தெரியாது, ஃபேஷன் படித்தவருக்குக் கியர் விகிதம் தெரியாது. சகஜம்தான். இதற்கு எஸ்கேஇ என்ற பாட அறிவுப் பயிற்சி வகுப்புகள் உண்டு, பெரும்பாலும் இணையவழியில். இந்தப் பாடத்துக்கு அரசு நிதி உண்டா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதி இல்லாவிட்டாலும் நீங்களே செய்யக்கூடியது நிறைய. ஆன்ஷேப், ஃப்யூஷன், டிங்கர்கேட் ஆகிய மூன்று கேட் மென்பொருட்களையும் இலவசமாகப் பழகலாம். லேசர் கட்டருக்குக் கோப்பு தயாரிக்கத் தெரிந்தாலே துறையில் உங்களுக்குத் தனி மரியாதை. அப்புறம் ஒரு பைன் மரத்துண்டை அளந்து, ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, மேசை விளிம்பில் மாட்டும் பென்ச் ஹுக்கில் பிடித்து அறுத்துப் பாருங்கள். நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ 11 வயதுப் பிள்ளையும் அங்கேதான் தடுமாறும்.

படி 5: எந்த வழி, எவ்வளவு பணம்

நீங்கள் வாங்க வேண்டியது க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிநிலை. பல்கலைக்கழகம் வழியாக, பட்டத்துக்குப் பிந்தைய கல்விச் சான்றிதழான பிஜிசிஇ-யோடு சேர்த்து வாங்கலாம், பள்ளிகள் சேர்ந்து நடத்தும் சிட் என்ற பயிற்சி வழியாகவும் வாங்கலாம். சிட்டிலும் பல இடங்களில் பிஜிசிஇ சேர்ந்தே வரும். பிற்காலத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் பிஜிசிஇ உள்ளதையே எடுங்கள். சம்பளத்தோடு படிக்கும் வழிகளும் உண்டு, ஆனால் இடங்கள் குறைவு, முதல் வாரத்திலிருந்தே சுமை அதிகம். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு அது சரிவரும். கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணம் 2025-26-இல் அதிகபட்சம் 9,535 பவுண்டு. ஏற்கெனவே ஒரு பட்டத்துக்குக் கடன் வாங்கியிருந்தாலும், தகுதி இருந்தால் இதற்கும் மாணவர் கடன் கிடைக்கும். அதற்கு மேல் பர்சரி என்ற உதவித்தொகை: இந்தப் பாடத்துக்கு 2024-25-இல் 25,000 பவுண்டு, 2025-26-இல் 20,000 பவுண்டு. திருப்பித் தர வேண்டாம், வரியும் இல்லை. 2:2 (இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு) அல்லது அதற்கு மேலான பட்டம் இருக்க வேண்டும்.

நம்மவர்களில் பலர் ஏமாறும் இடம் இதுதான்: பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாமல் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் பர்சரி கிடைக்காது. விசாவில் இருக்கும் மற்றவர்களும் விளம்பரத்தில் உள்ள தொகையை நம்பி வேலையை விட்டுவிடாமல், தங்கள் நிலைக்கு என்ன உண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: விண்ணப்பமும் நேர்முகமும்

அரசின் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், அக்டோபரில் திறக்கும். ஒரே நேரத்தில் 4 இடங்களுக்குப் போடலாம். தன்னிலைக் கட்டுரையில் "சிறுவயதிலிருந்தே பொருட்களைப் பிரித்துப் பார்ப்பேன்" என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். படி 3-இல் பார்த்த ஒரு வகுப்பை எடுத்து, அங்கே ஒரு மாணவர் எங்கே திணறினார், ஆசிரியர் என்ன செய்தார், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எழுதுங்கள்.

நேர்முகத்தில் சின்ன வகுப்பு ஒன்று எடுக்கச் சொல்லலாம். நீங்கள் செய்த பொருட்களின் தொகுப்பையும் கேட்கலாம். அதில் முடிந்த பொருளின் பளபளப்பான படத்தைவிட, வேலை செய்யாத மாதிரிகளின் படங்களையும் அதில் எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் வையுங்கள். இந்தப் பாடம் சொல்லித் தருவதே அதைத்தான்.

படி 7: பயிற்சி ஆண்டு

ஒரு வருடப் படிப்பில் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருப்பீர்கள், குறைந்தது இரண்டு பள்ளிகளில். உங்களுக்கென்று ஒரு மென்டர் இருப்பார். முதல் நாள் அவரிடம் கேட்க வேண்டியது "எந்த மெஷினை நான் தொடலாம், எதை மாணவர் தொடலாம், அது எங்கே எழுதியிருக்கிறது?" என்பதுதான்.

பள்ளி ஒர்க்‌ஷாப் பாதுகாப்புக்கான நடைமுறை விதிகள் பிஎஸ் 4163 என்ற பிரிட்டிஷ் தர ஆவணத்தில் இருக்கின்றன. கிளீப்ஸ் என்ற அமைப்பு பள்ளிகளுக்கு ஆலோசனை தருகிறது. டிசைன் அண்ட் டெக்னாலஜி அசோசியேஷனின் பாதுகாப்புச் சான்றைப் பல பள்ளிகள் எதிர்பார்க்கின்றன, பயிற்சி ஆண்டிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு ஆசிரியருக்கு ஒர்க்‌ஷாப்பில் 20 மாணவர்களுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான பரிந்துரை. எல்லாப் பள்ளியிலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

செய்து காட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். பில்லர் ட்ரில் என்ற துளையிடும் மெஷினை எடுத்துக்கொள்வோம். எல்லோரையும் அரைவட்டமாக, தரையில் உள்ள மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். பேச ஆரம்பிக்கும் முன், ஆபத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தான்கள் அறையில் எங்கெங்கே இருக்கின்றன என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். முடி கட்டியிருக்கிறதா, டை சட்டைக்குள் இருக்கிறதா, பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா? துண்டை வைஸில் இறுக்கிக் காட்டுங்கள், கையால் பிடித்தால் துண்டு சுழலும் என்பதைச் சொல்லுங்கள். துளைமுனையைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியைக் கழற்றி, உயர்த்திக் காட்டி, அதன் இடத்தில் வையுங்கள். அது சக்கிலேயே இருக்கும்போது யாராவது மெஷினை ஓடவிட்டால் பறந்து வரும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, ஏனென்றால் பின்வரிசை அதற்குள் முழங்கையால் இடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். முடிந்ததும் நீங்கள் சுருக்கம் சொல்லாதீர்கள், கவனிக்காத மாதிரி தெரிகிற ஒருவரை அழைத்து அவரைச் சொல்ல வையுங்கள்.

சூடான கம்பியுள்ள ஸ்ட்ரிப் ஹீட்டரில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகட்டை வளைப்பதும் அப்படித்தான். பாதுகாப்புத் தாளை உரிக்க வேண்டும், கோடு சரியாகக் கம்பிக்கு நேரே இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் திருப்பிச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டு வளைத்தால் மடிப்பில் விரிசல், மறந்து விட்டால் குமிழ். சுமார் 160 டிகிரியில் அது இளகும் என்று பலகையில் எழுதினால் யாருக்கும் ஏறாது. விரிசல் விட்ட துண்டு ஒன்று, குமிழ் விழுந்த துண்டு ஒன்று, சரியான துண்டு ஒன்று என்று மூன்றைக் கையில் கொடுத்துச் சுற்றவிடுங்கள். இப்படிப்பட்ட துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்தால் பாதிப் பாடத் திட்டம் தானாகத் தயார்.

ஜிசிஎஸ்இ வகுப்பு கொடுத்தால் என்இஏ விதிகளை முதலில் படியுங்கள். தேர்வு வாரியம் ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று சூழல் சவால்கள் என்ற திட்டத் தலைப்புகளை வெளியிடும், இயர் 10 மாணவர்கள் அதிலிருந்து தங்கள் திட்டத்தைத் தொடங்குவார்கள். பொதுவான கருத்து சொல்லலாம். "இந்தப் பக்கத்தில் இந்த வரைபடத்தைச் சேர், மதிப்பெண் ஏறும்" என்று சொல்லக் கூடாது. உதவி செய்தே பழகிய நமக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது பெரிய கஷ்டம்.

படி 8: முதல் வேலை

க்யூடிஎஸ் வாங்கியதும் இரண்டு ஆண்டு ஈசிடி காலம், அதாவது புது ஆசிரியருக்கான தொடக்கக் காலம். முதல் ஆண்டில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் வகுப்பு நேரம் குறைத்துத் தருவார்கள். செப்டம்பர் 2025 நிலவரப்படி லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 32,916 பவுண்டு, உள் லண்டனில் 40,317. உள்ளாட்சியின் கீழ் வராத பள்ளிகளான அகாடமிகளில் கொஞ்சம் மாறலாம்.

பயிற்சி முடியும் முன்பே, ஈஸ்டருக்குள் பலருக்கு வேலை கிடைத்துவிடும். ஆள் பஞ்சம் உங்கள் பக்கம் இருப்பதால் நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். முழுநேர டெக்னீஷியன் இருக்கிறாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு பொருள் செலவு ஒதுக்குகிறீர்கள்? தூசி உறிஞ்சும் அமைப்பைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? இந்தச் சோதனை 14 மாதத்துக்குள் ஒருமுறை நடக்க வேண்டும், தேதி மெஷினிலேயே ஒட்டியிருக்கும். பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது அந்த ஸ்டிக்கரை நீங்களே பார்த்துவிடலாம்.