செய்த வேலைக்குப் பணம் வரவில்லையா? முதல் கடிதத்தை இப்படி எழுதுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பூச்சு வேலை, ஓடு ஒட்டும் வேலை எடுத்துச் செய்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து வந்த எங்களுக்கு வேலை கைவந்த கலை. கோட்டை விடுவது தாள் விஷயத்தில்தான். ஒரு கடைவரிசை வேலையில் எனக்கு 37,500 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி நின்றது. கேட்கும்போதெல்லாம் மெயின்-கான் (எனக்கு வேலை கொடுத்த முதன்மைக் குத்தகைக்காரர்) சொன்னது ஒன்றே: “தம்பி, மேலேயிருந்து காசு வரட்டும், கொடுத்துடறேன்.”

சட்டப்படி அந்தப் பதில் செல்லாது. 2012-இல் இயற்றி, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்புக்கு வந்த கட்டுமானத் துறைக் கட்டணச் சட்டத்தை ‘சிப்பா’ என்பார்கள். ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தாலும் அதன் 35-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது.

முதலில், உங்கள் வேலை இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒருவர் தான் குடியிருக்கக் கட்டும் வீடு நான்கு மாடிக்குக் குறைவாக இருந்தால் சிப்பா பொருந்தாது. வீட்டுக்காரர் தர வேண்டியது 5,000 வெள்ளிக்குள் என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம்.

அடுத்து தாள்களைத் திரட்டுங்கள். வேலை உத்தரவு, இன்வாய்ஸ், டி.ஓ. (சரக்கு ஒப்படைத்த சீட்டு), வாட்சாப் பேச்சு, படங்கள் எல்லாம் வேண்டும். லாரி டேஷ்போர்டில் சுருண்டு கிடந்த ஒரு டி.ஓ.தான் எனக்குக் கைகொடுத்தது. ஓரத்தில் சிமெண்டு விரல் ரேகை, கீழே சைட் சூப்பர்வைசரின் கையெழுத்து, தேதி. அவர்கள் வாங்கவே இல்லை என்று சொன்ன 40 பெட்டி ஓட்டுக்கு அதுதான் சாட்சி.

இப்போது கடிதம். இங்கே அவசரப்படாதீர்கள். நான்கு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கொடுத்திருக்க வேண்டும்; ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி கேட்கிறீர்கள்; என்ன வேலைக்கான பணம்; இது சிப்பா சட்டத்தின் கீழ் செய்யும் கோரிக்கை என்ற வாசகம். கடைசியில் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் பணம் தரும் கெடு பற்றிப் பேச்சே இல்லையென்றால், இன்வாய்ஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் தர அவர்களுக்கு 10 வேலை நாள். சனி, ஞாயிறு என்று கண்ணை மூடிக் கழித்துவிடாதீர்கள். சைட் இருக்கும் மாநிலத்தின் வார விடுமுறையும் பொது விடுமுறையும்தான் கணக்கு. கெடாவில் சைட் என்றால் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கழியும். பதிலே வராவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. பேசாமல் இருந்தால் முழுத் தொகையையும் மறுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நானும் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

பிறகு நடுவர் தீர்ப்புக்கான நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நடுவர் யார் என்பதில் 10 வேலை நாளில் இரு தரப்பும் ஒத்துவராவிட்டால், கோலாலம்பூரில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்திடம் நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் தரப்பை நீங்களே பேசலாம், வழக்கறிஞரும் வைக்கலாம். வாதங்கள் எழுத்தில் வந்து முடிந்தபின், நடுவருக்குத் தீர்ப்பு எழுத 45 வேலை நாள்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. நோட்டீஸ் போன வாரமே மெயின்-கான் அழைத்தார். மூன்று தவணையில் முழுப் பணமும் வந்தது. உங்களுக்குத் தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால், அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அமல்படுத்தலாம். அப்போது சைட்டில் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், 14 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை நிறுத்தி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.