வனப்பெழுத்தை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

கிழக்கின் எழுத்தில் ஆன்மா, மேற்கின் எழுத்தில் அளவுகோல். வனப்பெழுத்தை, அதாவது எழுத்தை அழகுபட எழுதும் கலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது; முதல் சறுக்கலும் அங்கேதான். நாணல் பேனாவை ஒருமுறை ஒற்றினால் விழும் சாய்சதுரப் புள்ளியை அலகாக வைத்து அரபு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தவர், 10ஆம் நூற்றாண்டு பாக்தாதின் இப்னு முக்லா என்பது மரபு. அரபின் முதல் எழுத்தான அலிஃபின் உயரமே அந்தப் புள்ளிக் கணக்குதான். இதைவிடக் கறாரான அளவுகோலை மேற்கில் தேடித்தான் பார்க்க வேண்டும். பாக்தாத் எப்படிக் கிழக்காகும் என்று கேட்பவர்கள், கிழக்கு என்றாலே சீனம் என்னும் இரண்டாவது தவறில் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது ஜோடிப் பொருத்தம். சீன வனப்பெழுத்தர் வாங் ஷீஜி 353இல் எழுதிய 'லான்டிங் முன்னுரை'யை ஒரு பக்கமும், மடத்தில் படியெடுத்த விவிலியத் தாளை மறுபக்கமும் வைத்து, "இது ஓடுகிறது, அது வரிசை கட்டி நிற்கிறது" என்பார்கள். முதலாவது, நண்பர்கள் கூடிப் பாடிய கவிதைகளுக்கு எழுதிய முன்னுரை. அதில் 'ஜி' என்ற எழுத்து ஏறத்தாழ இருபது இடங்களில் வருகிறது, ஒவ்வொன்றும் வேறு தோற்றத்தில். (அவர் பெயரின் கடைசி எழுத்தும் அதுவே.) மற்றதோ பலர் வாசிக்க வேண்டிய வேதப் பிரதி. அங்கே ஓர் எழுத்து இருபது கோலம் காட்டினால் எழுதியவருக்குத் திட்டுதான் கிடைத்திருக்கும். விவிலியத்துக்கு ஏற்ற ஜோடி, சீனத்தின் தாங் அரசமரபுக் காலத்துப் பௌத்த சூத்திரப் பிரதிகள்: கோடு கிழித்து, வரிக்குப் பதினேழு எழுத்து என்ற கணக்கில் எழுதியவை. அவையும் வரிசை கட்டித்தான் நிற்கின்றன.

இன்னொன்று: வாங் ஷீஜியின் மூலப்பிரதி இன்று இல்லை. எஞ்சியவை பிற்காலப் படிகள். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று, எழுத்தின் ஓரத்தை வரைந்து உள்ளே மை நிரப்பியது என்று கருதப்படுகிறது. அதைப் பார்த்துக் கைவேகத்தை வியப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

கருவியிலும் கவனம் வேண்டும். தூரிகையில் கோடு தடிப்பது முனை தாளில் அமிழும் ஆழத்தால். முனை தட்டையான பட்டை நிப்பில் அழுத்தத்துக்கு வேலையில்லை, கோணம்தான் எல்லாம்: நிப்பை 30 பாகை சாய்வில் மாற்றாமல் பிடித்து ஒரு வட்டம் போட்டால், தடிப்பும் மெலிவும் தாமாக வந்து விழும். அதற்காக மேற்கு முழுவதும் பேனா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரோமில் 113இல் எழுந்த டிராஜன் தூணின் எழுத்துகளை, உளி தொடும் முன் பட்டைத் தூரிகையால்தான் கல்லில் தீட்டியிருக்க வேண்டும் என்பது எழுத்துக்கலை ஆய்வாளர் எட்வர்டு கேட்டிச்சின் முடிவு.